உபயம் மிச்சிகோ

மூணாத்துப்பட்டி அம்மன் கோயில் மண்டபத்தில் மொத்தம் முப்பத்தாறு டியூப்லைட். அந்த முப்பத்தாறிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பேர், அவர் அப்பா பேர், கடைப் பேர், கடை இருக்கிற தெரு, கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரி வரைக்கும் சிவப்பு எனாமலில் எழுதியது நான்தான். எழுதி முடித்தபிறகு வெளிச்சம் வர மிச்சமிருந்த இடம் ஒரு கட்டைவிரல் அகலம். அந்தக் கட்டைவிரல் வெளிச்சத்தில்தான் முப்பது வருசமாக இந்த ஊர் சாமி கும்பிட்டது, ஒருத்தரும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் சாமி முகம் தெரியாவிட்டாலும் பேர் தெரிந்தது.

நான் மூணாம் வகுப்போடு நின்றவன். எழுத்தை வாசிக்கிறதைவிட நன்றாக வரைவேன். என் 'ம'வுக்கு ஒரு சின்ன வால் இருக்கும், பல்லி வால் மாதிரி, அதைப் பார்த்தாலே இது பெயிண்டர் கை என்று ஊர் சொல்லிவிடும். தலைவர் பேர் எழுதினேன், செயலாளர் பேர் எழுதினேன், பெஞ்சில் எழுதினேன், தண்ணித் தொட்டியில் எழுதினேன், சுடுகாட்டுக் கொட்டகையில் எழுதினேன். சுடுகாட்டில்கூட, படுத்திருக்கிறவன் பேர் எங்கேயும் இருக்காது, கூரை போட்டவன் பேர் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 'பெத்துராஜ் கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு கடை. அந்தப் போர்டும் என் கைதான், எனாமல் காய ஆறு மணிநேரம் ஆகும், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பெத்துராஜ் அந்தக் கடைக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லைசென்ஸ் அவன் பேரில், உள்ளே உட்கார்ந்து ஜெராக்ஸ் போடுவதும் டைப் அடிப்பதும் மெஷினைக் கழற்றி மாட்டுவதும் தவமணி, அவன் தம்பி பெண்டாட்டி. தம்பிக்காரன் லாரி ஓட்டுகிறான், போனால் மாசக்கணக்கு. ரேஷன் கார்டு மாமியார் பேரில், வீடு மாமனார் பேரில், கரண்ட் பில் செத்துப்போன பாட்டனார் பேரில். அவள் பேரை ஊர் எழுத்தில் பார்த்தது கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒருமுறை, அதிலும் அப்பன் பேர் பெரிசாக, அவள் பேர் சின்னதாக.

சுத்துவட்டாரத்தில் இருபத்து மூன்று பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. உள்ளே ஓடுகிற சரக்குக்கு, புரோகிராம் என்கிறார்கள், தவணை முடிந்துவிட்டது, புதுப்பிக்கக் காசு இல்லை என்று எல்லாவற்றையும் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வருசாவருசம் ஆயுத பூஜைக்குத் துணியை விலக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், மறுபடி மூடுவார்கள். தவமணிக்கு இது பொறுக்கவில்லை. யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிற சாமான்கள் உலகத்தில் இருக்கின்றன, அதையெல்லாம் பொறுக்கி ஒரு சிடியில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் என்ன என்று ஆரம்பித்தாள்.

அது ஒரு பெட்டி கட்டுகிற வேலை. சிடி கொள்வது எழுநூறு எம்.பி., அதற்குமேல் ஒரு கடுகு கொள்ளாது. தமிழில் எழுதுகிறது ஒன்று, படம் போடுகிறது ஒன்று, கணக்கு விளையாட்டு ஒன்று, அகராதி ஒன்று, ராத்திரி வானத்து நட்சத்திரத்தைப் பட்டப்பகலில் காட்டுகிறது ஒன்று. ஒன்றை வைத்தால் இன்னொன்று வெளியே நிற்கும். வெளியே எடுத்ததைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும், மறுபடி உள்ளே வைப்பாள். டெலிபோன் லைனில்தான் எல்லாம் இறங்க வேண்டும்; பாதி இறங்கும்போது பெத்துராஜ் வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து. மூன்று மாசம். எழுதும்போது கெட்டுப்போன சிடிகளை நூலில் கோத்து, கடலைக் காட்டில் காக்கா விரட்டக் கட்டிவிட்டாள், காடே கண் கூசும்.

ஒருநாள் கடைக்குள் கூப்பிட்டு எனக்கு ஒரு லிஸ்ட்டைக் காட்டினாள். பேர், பேர், பேர். ஓடிக்கொண்டே இருந்தது, அவள் விரல் அசந்துபோகும்வரை ஓடியது.

"இவங்கள்லாம் யாரும்மா?"

"செஞ்சவங்க மாமா. இந்த சாமானையெல்லாம்."

"கூலி?"

"கூலி கிடையாது. பாதிப்பேரு ஒருத்தரையொருத்தர் பார்த்ததுகூட இல்லை. எடுத்துக்கோ, மாத்திக்கோ, ஊருக்கே கொடு, ஒண்ணும் சொல்லமாட்டாங்க. இந்தப் பேரை மட்டும் எடுக்கக்கூடாது. அது ஒண்ணுதான் அவங்க கேக்கிறது."

பிறகு ஓடுகிற லிஸ்ட்டை ஓரிடத்தில் நிறுத்தி விரல் வைத்தாள். இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழாவது பேர். எனக்கு அந்த அளவுக்கு வாசிக்க வரும். தவமணி, மூணாத்துப்பட்டி. நாலு வருசமாக ஜெராக்ஸுக்கு ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து அந்தச் சாமான்களுக்குள் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் தமிழ் வார்த்தை போட்டது இவள். என்னிடம்கூட ஒருமுறை கேட்டிருந்தாள், எழுதினதைத் திரும்ப இல்லாமல் ஆக்குகிறதுக்கு உங்கள் தொழிலில் என்ன சொல்வீர்கள் என்று. "மண்ணெண்ணெய்" என்றேன். அதை அவள் சேர்க்கவில்லை.

சிடிக்கு உறையும் வெறும் தட்டும் வாங்கித் தருகிறோம், ஆகஸ்ட் பதினைந்தில் கல்யாண மண்டபத்தில் மேடை போட்டுக் கொடுப்போம் என்று வியாபாரிகள் சங்கம் முன்னே வந்தது. சங்கத் தலைவர் பாத்திரக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி. அந்த முப்பத்தாறு டியூப்லைட்டில் பதினாலு அவர் பேர். பெத்துராஜும் நாலு கமிட்டிக்காரரும் பின்னால் வர, கடைக்கு வந்து, தவமணி எழுந்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, சிடியைக் கண்ணாடி மாதிரி பிடித்து முகம் பார்த்தார்.

"இதுக்கு யாரு உபயம்?"

"செஞ்சவங்க பேரு உள்ளேயே இருக்கு அண்ணாச்சி."

"செஞ்சவனை எவன் கேட்டான். கொடுக்கிறவனைக் கேட்டேன்."

அவள் லிஸ்ட்டைக் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னம்மா இது, வோட்டர் லிஸ்ட்டா? இதைத் தூக்கு. நான் பதினாலு நிமிசம் வாழ்த்துரை பேசி எடுத்து வச்சிருக்கேன், போட்டோவும் இருக்கு. அதை உள்ளே வை."

"இதைத் தூக்கினா உங்க போட்டோவில ஒரு பக்கத்து மீசைக்குக்கூட இடம் வராது அண்ணாச்சி. இது வெறும் எழுத்து."

கமிட்டியில் ஒருத்தர் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"அப்ப இடத்துக்காக இல்லைன்னே வச்சுக்கோ. நான் கொடுக்கிற பொருள்ல ஊரு பேரு தெரியாதவன்லாம் எதுக்கு வரிசையா உக்காந்திருக்கான்?"

"என் பேரும் அதுல இருக்கு அண்ணாச்சி."

"நீயா? நீ என்ன செஞ்சே?"

"வார்த்தை போட்டேன்."

"என்ன வார்த்தை?"

"திற, மூடு, சேமி, தேடு... நெறைய."

"இதெல்லாம் எனக்கே தெரியுமேம்மா" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அவள் மாட்டேன் என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பெத்துராஜ் முன்னால் வந்து, "கடை யாரு பேர்ல இருக்கு பிள்ளே?" என்று கேட்டு, எந்தப் பொத்தான் என்று அவளிடமே விசாரித்து, அவள் சொல்லாததால் கமிட்டியில் காலேஜ் படித்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு விரலால் அமுக்கினான். லிஸ்ட் போனது. வாழ்த்துரைக்கு இடம் போதாமல் நட்சத்திரம் காட்டுகிற சாமானும் போனது. பதினாலு நிமிச வாழ்த்துரை உள்ளே வந்து உட்கார்ந்தது. கடை திறந்த நாளிலிருந்து பெத்துராஜ் அந்தக் கடையில் செய்த முதல் வேலை அது.

மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் கோயிலைத் திறந்த பூசாரி அண்ணாந்து பார்த்தார், முதல் டியூப்லைட்டில் 'உபயம்: மிச்சிகோ' என்று இருந்தது. இரண்டாவதில் பியோத்தர். மூன்றாவதில் ஒலுஃபெமி. தனுஷ்கோடி அண்ணாச்சி பேர் இருந்த பதினாலிலும் பதினாலு பேர், மற்றவர் பேர் இருந்த இருபத்திரண்டிலும் இருபத்திரண்டு பேர், மணியில் ஒருத்தர், உண்டியலில் ஒருத்தர், செருப்பு வைக்கிற பலகையில் அண்ணன் தங்கை மாதிரி இரண்டு பேர். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில், தண்ணித் தொட்டியில், ஊர் நுழைவாசல் வளைவில், சுடுகாட்டுக் கொட்டகையில், எங்கெல்லாம் ஒருத்தன் தன் பேரை ஏற்றி வைத்திருந்தானோ அங்கெல்லாம் அவன் பேர் இறங்கிப்போய் ஒரு தூரதேசத்துப் பேர் ஏறி உட்கார்ந்திருந்தது. சிவப்பு எனாமலில், தமிழில், 'ம'வுக்கு வால் வைத்து.

வால் இருந்ததால் என்னைப் பிடித்தார்கள்.

"ஏய்யா பெயிண்டரு, இது உன் கைதானே?"

"கை என்னோடதுதான். ஆனா இந்தப் பேரை எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா? 'ஒலுஃபெமி'ன்னு எழுதணும்னா ஒருத்தன் எதிர்ல நின்னு சொல்லணும்ல?"

அது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் துணி காய்வதற்குள் அதே பேர் திரும்ப வந்தது. மூன்று நாள் துடைத்தார்கள், ஊரில் மண்ணெண்ணெய் தீர்ந்தது, நாலாம் நாள் பழகிவிட்டார்கள். பழகுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள முடியாது.

பூசாரி மைக்கில், "இன்றைய விளக்கு உபயம் மிச்சிகோ குடும்பத்தார், நட்சத்திரம் தெரியவில்லை" என்று அர்ச்சனை செய்தார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார வந்தவர்கள், "தள்ளுப்பா, ஒலுஃபெமி மேல எவ்வளவு நேரம் உக்காருவே" என்றார்கள். கல்யாணத்துக்குப் பேர் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் குடங்களும் தப்பவில்லை. அதில் ஒரு குடத்துக்காக ஒன்பது வருசம் பேசாமலிருந்த இரண்டு சம்பந்தி வீட்டார், குடத்தில் இப்போது பியோத்தர் பேர் இருப்பதைப் பார்த்து, ஒன்றாகக் கூடி உட்கார்ந்து பியோத்தரைத் திட்டி ராசியானார்கள்.

அடுத்து என்ன கேட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "இந்த பியோத்தர் எந்த ஆளுங்க?" என்று கேட்டார்கள். அவர் எந்த ஊர், என்ன செய்தார், எதற்காகக் கூலியில்லாமல் செய்தார் என்று ஒரு வாய் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் மூன்று சங்கம் அவர் எங்கள் ஆள்தான் என்று சொல்லிவிட்டது. ஒரு சங்கம், பார்த்தே இராத முகத்தை மீசையோடு வரைந்து, வீரப் பட்டம் கொடுத்து, போர்டு வைத்தது. இன்னொரு சங்கம் அந்தப் போர்டைக் கிழித்தது. போலீஸ் வந்தது. பியோத்தர் எங்கேயோ தன் வீட்டில் உட்கார்ந்து எதையோ செய்து யாருக்கோ சும்மா கொடுத்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

இத்தனை நடந்தும் அந்தச் சிடிக்குள் என்ன இருக்கிறது என்று போட்டுப் பார்த்தவர் ஊரில் ஒருத்தர் இல்லை.

தவமணி ஒருத்திதான் தினமும் காலையில் கடை திறக்கும்முன் ஊரைச் சுற்றி வந்தாள். முப்பத்தாறு டியூப்லைட்டையும் அண்ணாந்து பார்ப்பாள், பெஞ்சைக் குனிந்து பார்ப்பாள், வளைவுக்குக் கீழே நிற்பாள், மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கி வரும்போது நிறுத்தித் திருப்பிப் பார்ப்பாள். ஆயிரக்கணக்கில் பேர் வந்திருந்தது. அவள் பேர் மட்டும் எங்கேயும் வரவில்லை.

"மாமா, நீங்க எங்கேயாச்சும் பார்த்தீங்களா?"

"இல்லையேம்மா."

"எனக்கு முன்னாடி இருந்தவங்க பேரு தண்ணித் தொட்டியில வந்திருக்கு. பின்னாடி இருந்தவங்க பேரு தபால் பெட்டிக்குப் பக்கத்துல வந்திருக்கு. நடுவுல நான் இல்லை."

குழாயடியில் இது பரவியது. பெத்துராஜ் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "லிஸ்ட்ல இருந்தா வந்திருக்குமே. நாலு வருசம் கரண்டைத் தின்னதுதான் மிச்சம், ஒரு மண்ணும் செய்யலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சா?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நேற்றுவரை அவள் லிஸ்ட்டில் இருப்பதை நம்பாதவர்கள், இன்றைக்கு அவள் லிஸ்ட்டில் இல்லை என்பதைச் சாட்சியோடு நம்பினார்கள். அவள் காதுக்கு இது வந்தபோது நான் கடையில் இருந்தேன். ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து, தாள் எதுவும் வைக்காமல், மூடாமலே பொத்தானை அமுக்கினாள். கறுப்பாக ஒரு தாள் வந்தது. அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஏன் என்று தெரியும், யோசித்தால் யாருக்கும் தெரியும். அதிசயமாகவே இருந்தாலும் மூணாத்துப்பட்டித் தண்ணியைக் குடித்தால் மூணாத்துப்பட்டிப் புத்தி ஒட்டிக்கொள்ளும். கடல் தாண்டியிருக்கிற ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் இடம் கொடுத்த அதிசயம், உள்ளூர்ப் பெண்ணொருத்தி பேர் வந்ததும், இவளுக்கென்ன, வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டது.

தனுஷ்கோடி அண்ணாச்சி இதற்குள் இளைத்துப்போனார். அவர் வீட்டு கேட்டிலேயே மிச்சிகோ என்று இருந்தது. கடை போர்டு 'மிச்சிகோ பாத்திர மாளிகை'. தன் பேரைத் தேடி அவரும் ஊரைச் சுற்றினார், ஆனால் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு. கடைசியில் நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன். கோயில் தண்ணிப் பானையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு பழைய டம்ளர், நசுங்கினது. அதில் ஆணியால் கீறி 'தனுஸ்கோடி' என்று இருந்தது. பத்தொன்பது வயதில், இன்னொருத்தர் பாத்திரக்கடையில் எடுபிடியாக நின்ற காலத்தில், தன் சொந்தக் கூலியில் வாங்கி, அவரே கீறி, அவரே கட்டினது. அதை எவனும் தொடவில்லை.

"பாருங்க அண்ணாச்சி, இது போகலை."

கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு நிமிசம் அந்த முகத்தில் என்னவோ வந்தது, ஒரு மனுசன் வரப்போகிறான் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இதை அவுத்து உள்ளே போடச் சொல்லுய்யா, எவனாவது பார்த்தா அசிங்கம்" என்றார்.

அவரை மாற்றியது டம்ளர் இல்லை, அழைப்பிதழ். ஆகஸ்ட் பதினைந்துக்கு அச்சடித்த அழைப்பிதழ் கட்டைப் பிரித்தால் 'தலைமை: மிச்சிகோ' என்று இருந்தது. மூன்று முறை அச்சடித்தார்கள், மூன்று முறையும் மிச்சிகோவே தலைமை தாங்கினாள். வெளியூர் ஆபீசர் எல்லாம் வருகிற மேடையில் இந்த அவமானம் தாங்காது என்று, பதினான்காம் தேதி மத்தியானம் பெத்துராஜை அனுப்பினார். பெத்துராஜ் கடை வாசலில் நின்று, உள்ளே வராமல், "அண்ணாச்சி அந்த லிஸ்ட்டைத் திரும்ப வைக்கச் சொன்னாரு" என்றான். பிறகு, "உனக்காக இல்லை" என்றும் சொன்னான்.

தவமணி வைத்தாள். லிஸ்ட்டை வைத்தாள், நட்சத்திரத்தையும் வைத்தாள். எழுநூறு தாண்டியது. பதினாலு நிமிச வாழ்த்துரையைத் தூக்கி வெளியே போட்டாள், சரியாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது, ஏனென்றால் இன்றுவரை அவர் அதைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திறந்தன, நட்சத்திரம் பார்த்தன, அது போதும்.

இருபத்து மூன்றாவது சிடி எழுதி முடிந்து தட்டு வெளியே வந்த அந்த நேரத்தில் ஊரிலிருந்த பேரெல்லாம் போய்விட்டது. வந்த வழியே திரும்பிப் போயிருக்கும். பழைய பேரும் வரவில்லை. முப்பத்தாறு டியூப்லைட்டும் வெள்ளையாக, முழுசாக எரிந்தது, முப்பது வருசத்தில் முதல்முறையாக மண்டபத்தில் வெளிச்சம் விழுந்தது, மூலையெல்லாம் ஒட்டடையும் வெற்றிலை எச்சிலும் தெரிந்தது. உடனே ஊர் கூடிப் பேசியது. கூட்டிப் பெருக்குவதைப் பற்றி இல்லை. என்னைக் கூப்பிட்டு, எல்லாப் பேரையும் மறுபடி எழுத எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள்.

"ஆகஸ்ட் பதினைந்து கழியட்டும்" என்றேன்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் ஊர் முழுக்கக் கல்யாண மண்டபத்தில். தனுஷ்கோடி அண்ணாச்சி மைக்கைப் பிடித்து, இந்தச் சிடியை நான் எப்படி உருவாக்கினேன் என்று ஆரம்பித்தார். தவமணியை மேடைக்குக் கூப்பிடவில்லை. பின்வரிசையில் பிள்ளைத்தாய்ச்சிகளோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நாய்கூட இல்லை. தவமணி உட்காருகிற கடை போர்டும் எல்லாவற்றையும் போல வெறும் நீலமாக நின்றது. ஏணியைச் சாத்தினேன். டப்பாவின் அடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. முப்பது வருசத்தில் யாரும் கேட்காமல் நான் எழுதிய ஒரே பேர் அது, நிதானமாக எழுதினேன், 'ம'வுக்கு வால் கொஞ்சம் நீளமாகவே விட்டேன்.

கூட்டம் முடிந்து வந்த முதல் ஆள் கத்தவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு ஊரே வந்தது. "எல்லாப் பேரும் போயிருச்சு, இது மட்டும் நிக்குது பாரு" என்றார்கள். "நேத்து இல்லையே" என்றது ஒரு குரல். "கடைசியா வந்திருக்கு, அதான் போகலை" என்று இன்னொரு குரல் விளக்கியது. பெத்துராஜ் மண்ணெண்ணெய்த் துணியோடு வந்தான். நாலு பேர் கையைப் பிடித்தார்கள், தெய்வக் குத்தம் ஆகிவிடும் என்று. நேற்றுவரை அவளைப் பார்த்துச் சிரித்த குழாயடிப் பெண்களில் ஒருத்தி சூடம் கொண்டுவந்தாள். அப்புறம் பெத்துராஜும் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான். கும்பிடாமல் தனியாக நிற்கப் பயம்.

தவமணி கடைசியில் வந்தாள். வழி விட்டார்கள். போர்டை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, கடைசி எழுத்தின் அடியில் ஒரு விரல் வைத்தாள். எடுத்த விரலைப் பார்த்தாள். சிவப்பு.

எதிர்ப்பக்கம் குழாயடியில் நான் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள். நான் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் விரலை முந்தானையின் உள்பக்கம் துடைத்துக்கொண்டு இறங்கி, ஊரைப் பார்த்துத் திரும்பி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சொன்னாள்:

"எல்லாரும் தள்ளி நின்னு கும்பிடுங்க. ஆறு மணிநேரத்துக்கு யாரும் தொடக்கூடாது."

ஊர் பத்தடி பின்னால் நகர்ந்து நின்றது.